மூலத்தில அப்பிடி இல்லையே, அண்ணை!

பாரிஸின் லா சப்பலில் எந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். வயது ஐம்பதுக்கு மேல். கையில் வடை. ‘பொன்னியின் செல்வன்’ படத்தைப் பற்றி யாராவது வாய் திறந்தால் போதும், வடை தட்டுக்குத் திரும்பிவிடும். “மூலத்தில அப்பிடி இல்லையே, அண்ணை! கல்கி எழுதினது ஒண்டு, மணிரத்னம் எடுத்தது இன்னொண்டு.” 2022இல் முதல் பாகம் வந்தபோது தொடங்கிய வழக்கு. 2023இல் இரண்டாம் பாகமும் வந்து போய்விட்டது. இன்னும் தீர்ப்பாகவில்லை, தேத்தண்ணிதான் ஆறிப்போனது.

இவர்களை நான் மூலக்காவலர்கள் என்பேன். மரியாதையாகத்தான் சொல்கிறேன். ஐந்து பாகத்தையும் உண்மையிலேயே படித்து முடித்தவர்கள். ஆனால் அவர்களிடம் மெதுவாக ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கல்கி எழுதியது மூலம் என்று யார் சொன்னது?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வந்தியத்தேவர் வருகிறார். எப்படி? குந்தவையின் கணவராக. அவ்வளவுதான். குதிரை கிடையாது, வாய்த்துடுக்கு கிடையாது, வீராணம் ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு வேடிக்கை பார்த்ததாகவும் தகவல் கிடையாது. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் எல்லோரும் கல்கி தன் செலவில் வரவழைத்த ஆட்கள். ஒரு கணவரின் பெயரை வைத்துக்கொண்டு 1950 முதல் 1954 வரை வாரா வாரம் தமிழ்நாட்டையே தூங்கவிடாமல் செய்தார் மனிதர். அடுத்தவர் கதாபாத்திரத்தை எடுத்துத் தன் கதையை எழுதினால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதற்கு ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பொன்னியின் செல்வன், சோழர் கல்வெட்டுகளுக்கு எழுதப்பட்ட இரண்டாயிரம் பக்க ஃபேன் ஃபிக்‌ஷன்.

அவசரப்பட்டு வடையை எறியாதீர்கள். கல்கியைக் குறைத்துச் சொல்லவில்லை, கூட்டித்தான் சொல்கிறேன். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகிய சகோதரர்களை உடையார்குடிக் கல்வெட்டு குறிக்கிறது. கத்தி யார் கையில் இருந்தது, அறையில் யார் யார் நின்றார்கள், அதெல்லாம் அதில் இல்லை. கல்கி என்ன செய்தார்? ஐந்து பாகம் இழுத்து, ஒரு மாளிகையில் அத்தனை பேரையும் கொண்டுவந்து நிறுத்தி, சரியான நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டார்! கல் சொல்லாததைத் தானும் சொல்லவில்லை. ஒரு கல்வெட்டுக்கு இதைவிடப் பெரிய மரியாதையைத் தொல்லியல் துறைகூடச் செய்ததில்லை.

பிறகு விக்கிரமன் வந்தார். ‘நந்திபுரத்து நாயகி’ என்று பொன்னியின் செல்வனுக்கே தொடர்ச்சி எழுதினார். கல்வெட்டுக்கு ஃபேன் கல்கி, கல்கிக்கு ஃபேன் விக்கிரமன். இந்த வரிசையில் மணிரத்னம் கொஞ்சம் பிந்தி வந்து நிற்கிறார். ஆனாலும் திட்டு முழுக்க வரிசையில் கடைசியாக நிற்கிறவருக்குத்தான்.

‘தமிழனுக்கு மட்டும்தான் இந்த வியாதி’ என்று நினைத்துவிடாதீர்கள். நாம் குடியிருக்கும் நாடு இதில் நமக்கு அப்பன். ஆர்தர் ராஜா தெரியும்தானே? பிரிட்டன்காரர். வட்டமேசை, வாள், எல்லாம் அவருடையவை. அவருடைய மனைவியைக் காதலித்த மாவீரன் லான்சலாட் யாருடையவன்? 1136 வாக்கில் ஜெஃப்ரி என்பவர் லத்தீனில் ஆர்தர் கதையை எழுதினார். அதில் லான்சலாட்டின் நிழல்கூட இல்லை. நாற்பது வருடம் கழித்து, பாரிஸுக்குத் தென்கிழக்கே ட்ருவா ஊர்க் கவிஞர் க்ரெத்தியன் பேனையை எடுத்தார். வந்தான் லான்சலாட்! கடல் கடந்த ராஜாவின் அரண்மனைக்குள் ஒரு வீரனை அனுப்பி, அந்த ராஜாவின் பெண்டாட்டி மனதையே கவர வைத்தது பிரெஞ்சுப் பேனை. இங்கிலாந்துக்காரர்கள் கோபப்பட்டார்களா? அவன் இல்லாமல் ஆர்தர் கதை சொன்னால்தான் இப்போது கோபப்படுகிறார்கள்.

இதில் இன்னொரு கூத்து. அந்தக் கதையை க்ரெத்தியன் முடிக்கவில்லை. கொதஃப்ருவா என்று ஒருவர் முடித்துக் கொடுத்தார். ‘ஐயாவின் சம்மதத்தோடுதான் செய்தேன்’ என்று கடைசியில் ஒரு குறிப்பும் போட்டுக்கொண்டார். அடுத்துத் தொடங்கிய பெர்சவால் கதையும் பாதியில் நின்றது. சம்மதம் கேட்க ஐயா இல்லை. நாலு தொடர்ச்சிகள் முளைத்துவிட்டன!

சரி, அது பழங்காலம். நம் மூலக்காவலர்கள் வந்தியத்தேவனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லும் தார்த்தன்யானைப் பாருங்கள். நிஜ தார்த்தன்யான் 1673இல் மாஸ்ட்ரிக்ட் முற்றுகையில் செத்துப்போனார். 1700இல் அவருடைய ‘சுயசரிதை’ வெளிவந்தது! இருபத்தேழு வருடம் கழித்து எழுந்து வந்து எழுதவில்லை. கூர்த்தில் என்பவர் அவர் பெயரில் எழுதிவிட்டார். அதை வைத்து 1844இல் அலெக்சாந்தர் துய்மா, ஓகுஸ்த் மக்கே துணையோடு ‘மூன்று போர்வீரர்கள்’ எழுதினார். ‘அரசு நூலகத்தில் தேடும்போது பழைய சுவடி அகப்பட்டது’ என்று முன்னுரையில் ஒரு பீடிகை வேறு. போலி ஆவணத்துக்கு எழுதிய ஃபேன் ஃபிக்‌ஷன்தான் இன்று நிஜ தார்த்தன்யானுக்கே அடையாள அட்டை.

மூலத்தைக் காப்பது என்ற இந்தத் தொழிலின் நவீன கடவுள் ஷெர்லாக் ஹோம்ஸ். 1911இல் ரோனால்ட் நாக்ஸ் என்ற ஆக்ஸ்ஃபோர்டு பாதிரியார், பைபிளை ஆராய்கிற அதே கெடுபிடியோடு ஹோம்ஸ் கதைகளை ஆராய்ந்து ஒரு நையாண்டிக் கட்டுரை படித்தார். அதிலிருந்து பிடித்துக்கொண்ட பழக்கம்தான், துப்பறியும் கதைகளை வேத புத்தகம்போல் ‘கேனன்’ என்று சொல்வது. விளையாட்டாகச் சொன்னதை ஆட்கள் சீரியஸாக எடுத்துக்கொண்டார்கள். மதங்களின் வரலாற்றில் இது புதிதல்லவே!

அந்த வேதத்தை அருளிய கானன் டாயில் அதை எப்படிக் காப்பாற்றினார்? முதல் கதையில் டாக்டர் வாட்சனுக்குப் போரில் தோளில் குண்டடி. இரண்டாவது கதையில் அதே குண்டு காலில். ஆப்கானிஸ்தானில் பாய்ந்த குண்டு லண்டனில் இறங்கி நடந்திருக்கிறது. 1893இல் ஹோம்ஸையே அருவியில் தள்ளிக் கொன்றார். வாசகர்கள் விடவில்லை, 1903இல் எழுப்பிக்கொண்டு வந்தார். தன் கேனனைத் தானே இத்தனை பாடு படுத்தியவர், 1906இல் பாரிஸில் மொரிஸ் லெப்லான் தன் திருடன் லுபானோடு ஹோம்ஸை மோதவிட்டபோது மட்டும் பொங்கிவிட்டார். லெப்லான் சண்டைக்குப் போகவில்லை. ஓர் எழுத்தை முன்னால் இருந்து எடுத்துப் பின்னால் ஒட்டினார்: ஹெர்லாக் ஷோல்ம்ஸ். ஆள் மாறிவிட்டார், வழக்கு முடிந்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், கம்பர் இருக்கிறார்.

ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுகிற பிள்ளைகள் முதல் பக்கத்தில் ஒரு டிஸ்க்ளைமர் போடுவார்கள்: ‘பாத்திரங்கள் என்னுடையவை அல்ல, தப்பிருந்தால் மன்னிக்கவும்’. இதில் கம்பரை மிஞ்ச ஆளில்லை. வடமொழியில் ராமன் கதை செய்த பெரியவர்களை வணங்கி, வால்மீகி சொன்ன வழியில்தான் தானும் போவதாக உறுதி கொடுத்து, பாற்கடலை நக்கிக் குடிக்கக் கிளம்பிய பூனை என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். படிக்கும்போது கண் கலங்கும். பூனை பிறகு பத்தாயிரத்துச் சொச்சம் பாட்டு பாடுகிறது. கடலில் பால் மிஞ்சியதா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

வால்மீகியில் ராமனும் சீதையும் கலியாணத்துக்கு முன்பு பார்த்துக்கொள்வதில்லை. கம்பர் மிதிலையில் ஒரு மாடத்தைக் கட்டி, இருவர் கண்ணையும் மோத வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த தமிழ் சினிமாவெல்லாம் அந்த மாடத்து வாடகையில்தான் பிழைக்கிறது. வால்மீகியின் ராவணன் சீதையைத் தலைமயிரில் பிடித்துத் தூக்குகிறான். கம்பருக்கு மனம் வரவில்லை. பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துத் தூக்க வைக்கிறார். பிறன் மனைவியைத் திருடுகிறவனுக்கும் கை படாமல் திருடும் நாகரிகம் இருக்க வேண்டுமாம்! கடத்தல் அப்படியே கேனன். பேக்கிங் மட்டும் தமிழ்.

அடுத்ததுதான் உச்சம். கம்பருக்கு ஒரு ஸ்பான்சர் இருந்தார்: திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளல். காவியத்தில் அங்கங்கே அவர் பெயர் மின்னும். அது நன்றி. ஆனால் அயோத்தியில் ராமனுக்கு முடிசூட்டும் காட்சிக்கு வாருங்கள். வசிட்டர் கையில் கிரீடத்தை எடுத்துக் கொடுப்பது யார் தெரியுமா? சடையப்பரின் முன்னோர்கள்! திரேதா யுகத்து அயோத்தியில் திருவெண்ணெய்நல்லூர்க்காரர்கள் என்ன செய்தார்கள், எந்த ரயிலில் போனார்கள் என்றெல்லாம் கேட்காதீர்கள். கலியாண ஆல்பத்தில் ஹோல்காரர் சிரித்துக்கொண்டு நிற்பதில்லையா?

அரங்கேற்றத்தில் இந்தக் கதையெல்லாம் விலை போனதா? ஸ்ரீரங்கத்தில் பண்டிதர்கள் இரணியன் வதைப் படலத்தில் பிடித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். ‘வால்மீகியில் இது இல்லையே!’ லா சப்பல் கேள்விதான், வடை மட்டும் இல்லை. அப்போது மேட்டழகிய சிங்கர் சந்நிதியிலிருந்து நரசிம்மரே தலையை ஆட்டி ஆமோதித்தாராம். கதைக்குள் இருக்கிற பாத்திரமே எழுந்து ‘என் சீன் நன்றாக இருக்கிறது’ என்றால் எடிட்டர் என்ன செய்ய முடியும்?

வில்லிபுத்தூரார் இன்னும் சாது. பாரதத்தைச் சுருக்கித் தருகிறேன் என்றுதான் வந்தார். வந்தவர், துரியோதனன் மனைவியும் கர்ணனும் விளையாடும்போது மணிமேகலை அறுந்து மணிகள் சிதறும் காட்சியை வைத்துவிட்டார். உள்ளே வந்த துரியோதனன் சந்தேகப்படவில்லை. மணிகளைப் பொறுக்கவா கோக்கவா என்று கேட்கிறான். 1964இல் ‘கர்ணன்’ படத்தில் அதைப் பார்த்து அழாத தமிழன் உண்டா? வியாசர் அந்தக் காட்சியை எழுதவே இல்லை. நாம் அழுததில் பாதி, மூலத்தில் இல்லாத கண்ணீர்.

அல்லி அரசாணி கதைக்கு வந்தால் வியாசர் மயங்கியே விழுந்துவிடுவார். மதுரையை ஆள்கிற, ஆண் வாடையே ஆகாத ராணி அல்லி. அவள்மேல் ஆசைப்பட்டுப் பாம்பு வடிவெடுத்துப் படுக்கையறைக்குள் போகிறான் அர்ஜுனன். இந்தக் காலமாக இருந்தால் நேரே பொலிஸ். பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சடித்து ஊர் ஊராக விற்றார்கள். இன்றும் ஒரு பெண் நாலு பேரை அதட்டி வேலை வாங்கினால் ‘அல்லி ராஜ்யம்’ என்கிறோம். பாரதத்தில் இல்லாதவள், பாஷையில் குடியேறிவிட்டாள்.

இத்தனையும் கேட்டுப் பொறுமை இழந்த மூலக்காவலர் ஒருவர், பஜோல் வீதி மாணிக்க விநாயகர்மேல் சத்தியம் செய்து சொன்னார்: “வியாசர் சொல்லப் பிள்ளையாரே தந்தத்தை முறிச்சு எழுதினது பாரதம். அதில கை வைக்கலாமோ?” 1985இலிருந்து லா சப்பலைக் காத்துவரும் பிள்ளையார், வருடா வருடம் தேரேறி, பாரிஸ் தெருவில் தேங்காய்ச் சிதறல்களுக்கு நடுவே ஊர்வலம் வருகிறவர். அவரை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது. ஆகவே உண்மையைச் சொல்கிறேன். புணேயில் பண்டார்கர் நிறுவனம் 1919இல் தொடங்கி 1966 வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளை ஒப்பிட்டு மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பை முடித்தது. பழைய சுவடிகளில் உறுதியாக இல்லாதவற்றைப் பின்னிணைப்புக்குத் தள்ளினார்கள். அப்படித் தள்ளப்பட்டவற்றில் ஒன்று, பிள்ளையார் பாரதம் எழுதிய கதை. கேனனை எழுதியவரே கேனனில் இல்லை!

பிள்ளையார் கோபித்துக்கொள்ளமாட்டார். அவர் குடும்பத்துக்கே இது பழக்கம். சைவத் திருமுறைகள் கிடைத்த கதையைக் கேளுங்கள். சோழ ராஜாவும் நம்பியாண்டார் நம்பியும் சிதம்பரத்தில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால், ஏட்டுக்குமேல் புற்று. கரையான் தின்றது போக மிஞ்சியதே போதும் என்று அசரீரி கேட்டதாம். எது மூலம் என்று தீர்மானித்த கமிட்டியில் கரையானும் ஒரு மெம்பர்.

அதே சிதம்பரத்தில் சேக்கிழார் வருகிறார். அவர் கையில் இருந்தது சுந்தரர் பாடிய பதினொரு பாட்டு: அடியார்களின் பெயர்ப் பட்டியல். சிலருக்கு அரை வரிதான் ஒதுக்கீடு. இடையில் நம்பி கொஞ்சம் விரித்துப் பாடியிருந்தார். சேக்கிழார் ஊர் ஊராகக் கிடந்த கதைகளையும் சேர்த்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டில் பெரியபுராணம் செய்தார். அதற்கென்ன தண்டனை தெரியுமா? சோழ ராஜா யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டான். நூலையே பன்னிரண்டாம் திருமுறையாக்கிவிட்டார்கள். பட்டியலுக்கு எழுதிய விரிவு, பட்டியலோடு ஒரே பீடத்தில் ஏறிவிட்டது.

ஆக, மூலத்துக்கு மரியாதை என்று ஒன்றுமே கிடையாதா? ஆளுக்கொரு அர்ஜுனனைப் பாம்பாக்கலாமா?

ஓல்னே-சூ-புவாவில் லிசே படிக்கும் என் மருமகளுக்கும் இதே சந்தேகம். அவள் குந்தவையை வைத்து ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தாள். “மாமா, குந்தவை கலியாணமே வேண்டாம் எண்டு சொன்னா அது கேனனை மீறினதோ?”

“மீறினதுதான் பிள்ளை. பெரிய கோயில் கல்லில வந்தியத்தேவர் மனைவி எண்டு கிடக்கு. கல்லை அழிக்கேலாது.”

“அப்ப நான் என்னத்தைத்தான் எழுதுறது?”

“அவ ஓம் எண்டு சொல்ல எத்தினை வருஷம் யோசிச்சவ எண்டு கல்லில இருக்கோ?”

அவள் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். கதவையும் சாத்திவிட்டாள். சோழநாட்டின் கதி இனி அவள் கையில்.

புதுமைப்பித்தன் செய்ததும் இதுதான். 1943இல் ‘சாப விமோசனம்’ எழுதியபோது ராமாயணத்தில் ஒரு செங்கல்லைக்கூட அவர் நகர்த்தவில்லை. ராமன் பாதம் பட்டு அகலிகை பெண்ணாவது அப்படியே இருக்கிறது. சீதை தீக்குளிப்பதும் அப்படியே. அந்தத் தீ விஷயம் அகலிகை காதுக்குப் போனால்? இந்த ஒரு கேள்வியைத்தான் உள்ளே விட்டார். அகலிகை மறுபடி கல்லானாள். மூலத்தை இத்தனை ஒழுங்காக மதித்து இத்தனை பலமாக அதை ஆட்டிய இன்னொரு ஆளை எனக்குத் தெரியாது.

எங்கள் ஓல்னே ஸ்டேஷனில் ஆர்இஆர் பி ரயில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று விமான நிலையத்துக்கு, ஒன்று மித்ரிக்கு. தப்பான ரயிலில் ஏறி, பெட்டியோடு மித்ரியில் போய் இறங்கிய தமிழர்களிடம் கேட்டுப் பாருங்கள், விடிய விடியச் சொல்வார்கள். காவியம் இதற்குத் தலைகீழ். நடுவில் எத்தனை கிளை வேண்டுமானாலும் பிரியட்டும். கடைசி ஸ்டேஷன் ஒன்றுதான். அது எது என்று பெட்டியில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும்.

நம்பாவிட்டால் புலவர் குழந்தையைக் கேளுங்கள். ராமனை வில்லனாகவும் ராவணனைத் தமிழ் வீரனாகவும் வைத்து 1946இல் ‘இராவண காவியம்’ பாடியவர். 3100 பாட்டு. 1948இல் அரசாங்கம் தடை போட்டது. 1971 வரை எடுக்கவில்லை. கம்பரை எதிர்க்க வந்த மனிதர் காண்டம், படலம், விருத்தம் என்று கம்பர் வீட்டுச் சாமான்களைத்தான் எடுத்துப் புழங்கினார். கரைத்துக் குடிக்காமல் எதிர்க்க முடியுமா? இருபத்துமூன்று வருடத் தடைக்கும் அஞ்சாத அந்தக் காவியத்தில் அவர் பயப்பட்ட இடம் ஒன்றே ஒன்று உண்டு. பேனை அவர் கையில், ராவணன் அவர் கட்சி, தடுக்க வால்மீகியும் இல்லை, கம்பரும் இல்லை. ஆனாலும் போர்க் காண்டத்தின் முடிவில் ராவணன் செத்துத்தான் போகிறான்!